பழைய கட்டடமும் புது டவரும் ஒரே ஃப்ரேம்ல, செலக்டிவ் கலர் (ஒரு பகுதிக்கு மட்டும் கலர், மத்தது கறுப்பு வெள்ளை) பண்ணா எதுக்குக் கலர் விடறது?

கல்நிழல்:
எல்லாருக்கும் வணக்கம். ஒரு படம் ரெண்டு வாரமா சரியா வரல, கொஞ்சம் வழி சொல்லுங்க. முன்னாடி ரெண்டு மாடி பழைய செங்கல் கட்டடம், வளைவு ஜன்னல், காரை உதிர்ந்து உள்ள செங்கல் தெரியுது, அதுக்கு நேர் பின்னாடி தலை முதல் கால் வரைக்கும் கண்ணாடி போட்ட டவர். எனக்கு அந்த ரெண்டு காலமும் பக்கத்து பக்கத்துல நிக்கறது படத்துல தெரியணும், அவ்வளவுதான் ஆசை. பழசுன்னா கறுப்பு வெள்ளை, புதுசுன்னா கலர்னு யோசிச்சு கட்டடத்தையும் வானத்தையும் சாச்சுரேஷன் (கலரோட அடர்த்தி) மைனஸ் 100 போட்டுட்டு டவரை மட்டும் நீலமா விட்டேன். இப்ப டவர் எங்கேயோ இருந்து வெட்டி ஒட்டின மாதிரி இருக்கு, ஓரமெல்லாம் மெலிசா ஒரு வெள்ளைக் கோடு வேற. இன்னொண்ணு, டவரோட கண்ணாடில எதிர்ப்பக்கம் இருக்கற ஒரு பழைய மணிக்கூண்டு பிம்பமா விழுது, அது பழுப்பு கலர்ல தெரியுது. பழசெல்லாம் கறுப்பு வெள்ளைன்னு முடிவு பண்ணிட்டு அதை மட்டும் கலர்ல விடறதா இல்ல அதையும் எடுக்கறதா? 35 எம்எம் லென்ஸ், சாயங்காலம் எடுத்தது, ரா ஃபைல் (கேமரா பதிவு பண்ணின மூல டேட்டா) இருக்கு. எடிட்டிங் சாஃப்ட்வேர்ல லைட்ரூம் நல்லா தெரியும், ஃபோட்டோஷாப் ஏதோ கொஞ்சம்.

மாஸ்க்மணி:
வெள்ளைக் கோட்டுக்கு மட்டும் நான் சொல்றேன், அதுல நிறைய அடி பட்டிருக்கேன். நீங்க அனேகமா நீலத்தோட லூமினன்ஸ் (வெளிச்ச அளவு) ஸ்லைடரையும் கீழ இழுத்திருப்பீங்க, டவர் இருட்டாகி அழுத்தமா தெரியட்டும்னு. ஓரத்துல இருக்கற பிக்சல் பாதி டவர் பாதி வானம், அதுல நீலம் கம்மி, அதனால ஸ்லைடர் அதைப் பிடிக்காது, அது மட்டும் வெளுப்பா நின்னுடும், அதான் கோடு. லூமினன்ஸை ரொம்ப இழுக்காதீங்க. லென்ஸ் கரெக்‌ஷன்ல க்ரொமாட்டிக் அபரேஷன் (லென்ஸால ஓரத்துல வர்ற கலர் கசிவு) டிக் போட்டுட்டு அப்புறம் கலரை எடுங்க, இல்லன்னா ஓரத்துல ஊதாவும் பச்சையும் மிஞ்சி நிக்கும். கான்ட்ராஸ்ட்டை ஏத்தற கிளாரிட்டி, டீஹேஸ் ஸ்லைடர் ரெண்டும் இந்த மாதிரி ஓரத்துல ஒளிவட்டம் போடும், அதையும் பாருங்க.

அப்புறம் கலர் ஸ்லைடர் மட்டும் வச்சு செலக்டிவ் கலர் பண்ணவே பண்ணாதீங்க. நீலம்னு சொன்னா படத்துல இருக்கற எல்லா நீலமும் வரும், நிழல்ல விழற நீலம் கூட. மாஸ்க்ல (எடிட் எந்த இடத்துல மட்டும் விழணும்னு குறிக்கறது) பிரஷ் வச்சு டவரை மட்டும் பூசி, அதோட கலர் ரேஞ்சை இன்டர்செக்ட் பண்ணா ரெண்டுக்கும் பொதுவா இருக்கற இடம் மட்டும் நிக்கும். வேலை அதிகம்தான், ஆனா சுத்தமா இருக்கும். ஜேபெக்ல பண்ணா வானத்துல படிப்படியா பட்டை விழும், உங்ககிட்ட ரா இருக்கறது நல்லதா போச்சு.

மாலைவெயில்:
மணி சொன்னது எல்லாம் சரி, ஆனா கோடு போனாலும் அந்த வெட்டி ஒட்டின மாதிரி இருக்கறது போகாதுன்னு நினைக்கறேன், ஏன்னா காரணம் எடிட்டிங்ல இல்ல. கண்ணாடிக்கு சொந்தமா கலர் ரொம்ப கம்மிங்க. நீங்க டவரோட நீலம்னு நினைச்சு காப்பாத்தி வச்சது வானத்தோட நீலம், அது கண்ணாடில விழுந்திருக்கு. வானத்தை சாம்பலாக்கிட்டு அதே வானத்தோட பிம்பத்தை நீலமா விட்டா பார்க்கறவங்களுக்கு காரணம் சொல்லத் தெரியாது, ஆனா கண்ணு ஒத்துக்காது. செங்கல் அப்படி இல்ல. மண்ணுல இருக்கற இரும்பு சூளைல வெந்து வர்ற சிவப்பு அது, மேகமா இருந்தாலும் வெயிலா இருந்தாலும் அதோட கலர் அதுகிட்டயே இருக்கும். அதனால என் கருத்து, உங்க படத்தை அப்படியே திருப்பிப் போடுங்க. பழசுக்குக் கலர், டவரும் வானமும் சேர்ந்து கறுப்பு வெள்ளை.

பழசுன்னா கறுப்பு வெள்ளைங்கறது பழைய போட்டோ பார்த்துப் பழகின பழக்கம், அந்தக் கட்டடம் என்னைக்கும் சாம்பலா நின்னது கிடையாது. கையால செதுக்கினது, சுட்டது, பூசினது, அதுல ஒரே செங்கல் வரிசைலயே பத்து விதமான சிவப்பு இருக்கும். டவர்ல என்ன இருக்கு? கோடு, கட்டம், வெளிச்சம் ஏறி இறங்கறது. கறுப்பு வெள்ளைக்குப் பிறந்த பொருள் அதுதான்.

இதுக்கு ஒரு உதாரணம் மறக்கவே முடியாதது. பாரிஸ்ல லூவ்ர் அரண்மனை மியூசியத்து முற்றத்துல 1989ல கட்டி முடிச்ச, கட்டடக் கலைஞர் ஐ.எம். பெய் வடிவமைச்ச கண்ணாடி பிரமிடு இருக்குல்ல, சாதாரண கண்ணாடில இரும்பு கலந்திருக்கறதால லேசா பச்சை அடிக்கும், அது வழியா பார்த்தா பின்னாடி இருக்கற அரண்மனையோட தேன் நிறக் கல்லு மாறித் தெரியும்னு அவர் பிடிவாதமா நிறமே இல்லாத கண்ணாடி வேணும்னு கேட்டு தனியா செய்ய வச்சார். புதுசு கட்டினவரே பழசோட கலரைக் கெடுக்கக்கூடாதுன்னு அவ்வளவு மெனக்கெட்டிருக்கார், அப்புறம் நாம அதை ஏன் முதல்ல உருவணும்னு எனக்குத் தோணும்.

வெறுங்கண்:
நான் கொஞ்சம் வேற பக்கம். முழுசா மைனஸ் 100 போடறதே எனக்கு உறுத்தும், பார்த்ததும் டெக்னிக் தான் முன்னாடி வந்து நிக்குது, கட்டடம் பின்னாடி போயிடுது. டவர்ல மைனஸ் 60, 70ல நிறுத்திட்டு லேசா குளிர்ச்சியான டோன் கொடுங்க, செங்கல்ல வார்ம் கொடுங்க. ஆரஞ்சும் நீலமும் கலர் வட்டத்துல எதிர் எதிர், அதுவே பிரிச்சுக் காட்டும். போட்டிக்கு அனுப்பற எண்ணம் இருந்தா விதியைப் படிச்சுக்கங்க, செய்தி, ஆவணம் மாதிரி பிரிவுகள்ல பெரும்பாலும் இந்த மாதிரி பகுதி மட்டும் கலர் எடுக்கறதை ஏத்துக்க மாட்டாங்க.

கல்நிழல்:
மாலைவெயில், நீங்க சொன்னதைப் படிச்சுட்டு வானத்தையும் நீலமா திரும்பக் கொண்டு வந்து பார்த்தேன், உடனே அந்த ஒட்டின மாதிரி இருந்தது போயிடுச்சு! அதாவது காரணம் அதுதான். ஆனா அப்ப படத்துல முக்கால்வாசி கலர், கான்ட்ராஸ்ட்டே இல்ல. அதனால திருப்பிப் போட்டுப் பார்த்தேன், செங்கல் கலர், மத்தது கறுப்பு வெள்ளை. நல்லா இருக்கு, ஆனா டவர் சப்புன்னு சாம்பல் பலகை மாதிரி நிக்குது. மணிக்கூண்டு பிம்பம் இப்பவும் குழப்பமாதான் இருக்கு.

மாலைவெயில்:
சாம்பல் பலகையா இருக்கறது டோன் பிரச்சனை. கலரை ஒரு நிமிஷம் மறந்துட்டு மொத்தப் படத்தையும் கறுப்பு வெள்ளை ஆக்கிப் பாருங்க. செங்கலும் கண்ணாடியும் வெளிச்ச அளவுல ஒண்ணா இருந்தா ரெண்டும் ஒரே சாம்பலாதான் வரும், அப்படி கறுப்பு வெள்ளைலயே பிரியாத படத்தை கலர் வந்து காப்பாத்தாது. டவரை மட்டும் வெறும் சாச்சுரேஷன் குறைக்காம ஃபோட்டோஷாப்ல பிளாக் அண்ட் ஒயிட் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் போட்டு, செங்கல் பகுதியை மாஸ்க்ல மறைச்சுட்டு, அதுல நீலத்தையும் சயானையும் கொஞ்சம் கொஞ்சமா இறக்குங்க. வானமும் கண்ணாடியும் சேர்ந்து இருட்டாகும், ஃபிலிம் காலத்துல சிவப்பு ஃபில்டர் மாட்டி வானத்தைக் கறுப்பாக்கின அதே வேலை. மேகம் மட்டும் வெள்ளையா நிக்கும், கண்ணாடில விழற மேகமும்தான், அப்ப டவருக்கு உயிர் வந்துடும். மணி சொன்ன வெள்ளைக் கோடு இங்கயும் எட்டிப் பார்க்கும், அதனால 100 சதவீதத்துல ஜூம் பண்ணி ஓரத்தைப் பார்த்துக்கிட்டே இறக்குங்க.

பிம்பத்துக்கு வர்றேன். பாஸ்டன்ல 1877ல கட்டி முடிச்ச டிரினிட்டி சர்ச்சும் அதுக்குப் பக்கத்துல 1976ல கட்டி முடிச்ச, ஹென்றி காப் வடிவமைச்ச கண்ணாடி ஹான்காக் டவரும் பார்த்திருப்பீங்க, சர்ச் முழுசா டவரோட கண்ணாடில விழும், எத்தனையோ பேர் எடுத்த படம். அங்க பழசும் புதுசும் தனித்தனி இடத்துல இல்ல, பழசு புதுசுக்குள்ளயே இருக்கு. உங்க மணிக்கூண்டும் அதேதான். பழசுக்குக் கலர்னு முடிவு பண்ணீங்கன்னா பிம்பத்துக்கும் கலர் விடுங்க, சாம்பல் கண்ணாடிக்கு நடுவுல அந்தப் பழுப்பு மட்டும் மினுங்கும். ஆனா நிஜ செங்கலை விட சாச்சுரேஷன் ஒரு படி கம்மியா இருக்கட்டும், இல்லன்னா பிம்பம் முன்னாடி தாவி வந்துடும்.

மாஸ்க்மணி:
ஒரு சின்ன விஷயம், அடுத்த தடவை போனா போலரைசர் (பிம்பத்தைக் குறைக்கற லென்ஸ் ஃபில்டர்) எடுத்துட்டுப் போங்க. கண்ணாடிக்கு நேரா நின்னா அது ஒண்ணும் பண்ணாது, பக்கவாட்டுல கண்ணாடிப் பரப்புக்கு சுமார் 34 டிகிரி கோணத்துல பார்க்கும்போதுதான் நல்லா வேலை செய்யும், திருப்பத் திருப்ப பிம்பம் வர்றதும் போறதும் கண்ணாலயே தெரியும். உலோகப் பூச்சு போட்ட கண்ணாடின்னா அந்த அளவு பலன் இருக்காது. தூரமா போய் 100 எம்எம்க்கு மேல லென்ஸ் போட்டா ரெண்டு கட்டடமும் நெருங்கி நிக்கும், 35ல டவர் பின்னாடி சாயற மாதிரி வர்றதும் குறையும்.

கல்நிழல்:
நேத்து ராத்திரி உக்காந்து முடிச்சேன். நீலத்தை இறக்கினதும் டவர் கிட்டத்தட்ட கறுப்பாகி, அதுல மேகம் உடைஞ்சு உடைஞ்சு ஒவ்வொரு சட்டத்துலயும் வேற வேற மாதிரி விழுந்திருக்கறது இப்பதான் தெரியுது, கலர்ல இருந்தப்ப அதைக் கவனிக்கவே இல்ல. மணிக்கூண்டுக்கு வெறுங்கண் சொன்ன மாதிரி முழுசா எடுக்காம பாதி கலர் விட்டேன், பொருந்திடுச்சு. ஒண்ணே ஒண்ணு பாக்கி, செங்கல் சுவர்ல ஒரு ஏசி பெட்டியும் ஒயரும் தொங்குது, அது புதுசுதானே, அதுக்கும் கலரை எடுத்துட்டேன். சுவர் நடுவுல அந்த ஒரு சாம்பல் சதுரம் இருக்கறது எனக்குப் பிடிச்சிருக்கு, உங்களுக்கு எப்படித் தெரியுதுன்னு படத்தைப் பார்த்துட்டு சொல்லுங்க.