[கலைச்சொல்] டாக்ஸிடெர்மிக்குத் தமிழ், வெள்ளிக்கிழமைக்குள்

அனுப்புநர்: திருநகர் மொழிபெயர்ப்பாளர்

அனைவருக்கும் வணக்கம். விலங்கியல் மாணவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். இறந்த பறவையின் தோலை உரித்து, பக்குவம் செய்து, செயற்கை உடல்மேல் போர்த்தி, உயிரோடு நிற்பதுபோல் நிறுத்தும் வேலையைப் புதிதாகப் பழகுகிறவர்களுக்கானது. வெள்ளியன்று அச்சகம் போகவேண்டும். உள்ளே எல்லாம் முடிந்தது. போராக்ஸுக்கு வெங்காரம் ஏற்கெனவே இருக்கிறது. தலைப்பு மட்டும் நிற்கிறது. கிரேக்கத்தில் டாக்ஸிஸ் என்றால் ஒழுங்குபடுத்தல், டெர்மா என்றால் தோல். அதை வைத்துத் 'தோலமைப்பியல்' என்று போட்டிருக்கிறேன். எனக்கே பிடிக்கவில்லை.

அனுப்புநர்: செல்லூர்

அக்கா, இதுக்கு எதுக்கு மாநாடு? 'பாடம் பண்றது'ன்னு ஊரே சொல்லுது. எழும்பூர் மியூசியத்துல நிக்கிற மிருகத்தைக் காட்டி யாரைக் கேட்டாலும் 'பாடம் பண்ணி வச்சிருக்காங்க'ன்னுதான் பதில் வரும்.

அனுப்புநர்: தமிழாசிரியர் (ஓய்வு)

அம்மா, முதலில் 'தோலமைப்பியலை' எடுத்துவிடுங்கள். அமைப்பியல் என்றதும் இலக்கியக் கோட்பாடு என்று நினைத்துத் திறனாய்வாளர்கள் கிளம்பி வந்துவிடுவார்கள். தவிர இது கைவினை, 'இயல்' எதற்கு?

'பாடம்' வடசொல். அதையும் விட்டுவிடலாம். நம்மிடம் சொல் இல்லாமலா போயிற்று? கன்று செத்துப்போன பசு பாலை அடக்கிக்கொள்ளும். கன்றின் தோலுக்குள் வைக்கோல் திணித்துப் பசுவின் முன்னே நிறுத்திக் கறப்பார்கள். அதன் பெயர் தோற்கன்று. அப்படிக் கறந்த பாலைச் சான்றோர் உண்ணார் என்று நீதிநூல் கண்டித்திருக்கிறது. அந்த அளவுக்குப் பழைய வழக்கம். பிரெஞ்சுக்காரர் லூயி டுஃப்ரேன் 1803இல் டாக்ஸிடெர்மி என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவருவதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே நமக்குப் பொருளும் இருந்தது, பெயரும் இருந்தது. ஆகவே தோற்கன்று, தோற்கிளி, தோற்புலி. செயலுக்குத் 'தோலுருவாக்கம்'. பொதுப்பெயராகத் தோற்பாவை என்றே வைத்திருக்கலாம், கூத்துக்காரர்கள் முந்திக்கொண்டார்கள்.

அனுப்புநர்: வேடசந்தூர்

ஐயா சொல்லும் வடசொல், பள்ளிக்கூடத்துப் 'பாடம்'. எங்கள் பக்கம் புகையிலையைப் பாடம் செய்வார்கள். அது வேறு. படு, பாடு, பாடம், பக்குவப்படுதல். இதில் வடமொழிக்கு வேலையே இல்லை.

அனுப்புநர்: தமிழாசிரியர் (ஓய்வு)

தம்பி, படு என்பதிலிருந்து எதை வேண்டுமானாலும் வரவழைக்கலாம். மேற்கோள் எங்கே?

அனுப்புநர்: வேடசந்தூர்

புகையிலைக் கட்டுக்கு எந்தப் புலவர் ஐயா செய்யுள் எழுதி வைத்தார்?

(இதன்பின் 'படு'வைப் பற்றிப் பதினோரு மடல்கள் வந்தன. தொகுப்பில் விட்டுவிட்டேன். – மட்டுறுத்துநர்)

அனுப்புநர்: விலங்கியல் ஆய்வகம்

செய்கிறவன் என்ற முறையில் நானும் சொல்லிவிடுகிறேன். தோற்கன்று கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் அது திணித்துச் செய்வது. இன்று யாரும் திணிப்பதில்லை. திணித்தால் தோல் அங்கங்கே உப்பி உருவம் கெடும். உரித்த உடலைப் பக்கத்தில் வைத்து அளவெடுத்து, அதே பருமனுக்கு மர இழையை நூலால் இறுக்கிச் சுற்றியோ, நுரைக்கட்டியைச் செதுக்கியோ உடல் செய்கிறோம். மண்டையோடு, இறக்கை எலும்பு, கால் எலும்பு மட்டும் தோலோடு நிற்கும். மூளை, கண், நாக்கு, சதை எல்லாம் போய்விடும். காலுக்குள் கம்பி, கண்குழியில் கண்ணாடி விழி. எனவே 'பஞ்சடைத்தல்' என்று யாராவது கிளம்புமுன் சொல்கிறேன், வேண்டாம்.

சொல்லைவிடக் கையேட்டில் எந்தப் பறவை என்பது முக்கியம். காடையை முதலில் கொடுக்காதீர்கள், அதன் தோல் வெங்காயச் சருகு. வாத்தும் ஆகாது, கொழுப்பை முழுக்க வழிக்காவிட்டால் பின்னாளில் எண்ணெய் கசிந்து இறகெல்லாம் பிசுபிசுக்கும். நாட்டுச்சேவல் நல்லது. கறிக்கடையில் வாங்கினால் வெந்நீரில் முக்க விடக்கூடாது. முக்கினால் இறகு கையோடு வந்துவிடும். நோயில் செத்ததைத் தொடவே வேண்டாம். உரிக்கும்போது மரத்தூளோ சோளமாவோ தூவிக்கொண்டே போனால் இரத்தம் இறகில் ஏறாது.

அனுப்புநர்: செல்லூர்

பஞ்சடைத்தல்னா பசியில கண்ணு பஞ்சடைச்சதுதான் சார் ஞாபகம் வருது. அது கிடக்கட்டும். அழகர்கோயில் ரோட்டுல அடிக்கடி மயில் அடிபட்டுக் கிடக்குதே, அதை எடுத்துப் பழகலாமா?

அனுப்புநர்: விலங்கியல் ஆய்வகம்

கூடவே கூடாது. மயில் 1972 காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. செத்தது தானாகச் செத்தாலும் வனத்துறைக்குத்தான் சொல்லவேண்டும். காட்டுயிர்களை இப்படிச் செய்து கொடுப்பதைத் தொழிலாக நடத்த அந்தச் சட்டப்படி உரிமம் வேண்டும். இதை முதல் பக்கத்திலேயே போடுங்கள் மேடம். பழைய அருங்காட்சியகப் பொருள்களை வெறுங்கையால் தொடக்கூடாது என்பதையும். அந்தக் காலத்தில் பூச்சி அரிக்காமலிருக்கத் தோலின் உட்புறம் ஆர்சனிக் சோப்புத்தான் பூசினார்கள்.

அனுப்புநர்: திருநகர் மொழிபெயர்ப்பாளர்

இரண்டும் சேர்த்தாயிற்று. 'பாடம் செய்தல்' என்றால் எனக்கு இரண்டு சிக்கல். தலைவர்களின் உடலைப் பாடம் செய்வதற்கும் அதே சொல்தான். அங்கே உடல் முழுதும் இருக்கும், இங்கே தோல் மட்டும். இன்னொன்று, கையேட்டின் தொடக்கம் 'முதல் பாடம்: பாடம் செய்தல்' என்று வருகிறது. 'தோற்பாடம்' என்று சேர்த்தால் இரண்டும் தீருமா? தோற்கன்று போலவே புணர்ச்சியும் சரியாக இருக்கிறது.

அனுப்புநர்: ஒத்தக்கடை ஆசிரியை

அம்மா, பிளஸ் டூ பிள்ளைகளிடம் 'தோற்பாடம்' என்று சொல்லிப் பாருங்கள். தோற்ற பாடம் எது, கணக்கா என்று கேட்பார்கள்.

அனுப்புநர்: தமிழாசிரியர் (ஓய்வு)

பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று சொல்லை மாற்றினால் மொழியில் எதுவும் மிஞ்சாது. சிரித்துவிட்டுப் பழகிக்கொள்வார்கள். ஆனாலும் தோலுருவாக்கமே என் கட்சி.

அனுப்புநர்: திருநகர் மொழிபெயர்ப்பாளர்

அச்சகத்திலிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். பாடம் செய்தலுக்கு ஐந்து பேர், தோற்பாடத்துக்கு நானும் வேடசந்தூர் அண்ணனும், தோலுருவாக்கத்துக்கு ஐயா ஒருவர். அட்டையில் 'பறவைகளைப் பாடம் செய்தல்' என்று போகிறது. உள்ளே நுட்பம் வரும் இடத்தில் மட்டும் தோற்பாடம். 'முதல் பாடம்' என்பதை 'முதல் பயிற்சி' ஆக்கிவிட்டேன்.

அனுப்புநர்: செல்லூர்

சரிக்கா. இதைச் செய்யிற ஆளை என்னன்னு போட்டிருக்கீங்க? பாடகர்னு போட்றாதீங்க.

அனுப்புநர்: தமிழாசிரியர் (ஓய்வு)

தோல்வினைஞர். வினைஞர் பழஞ்சொல், ஐயமே வேண்டாம்.

அனுப்புநர்: ஒத்தக்கடை ஆசிரியை

ஐயா, அதுவும் தோல்வியில்தானே தொடங்குகிறது.

அனுப்புநர்: தமிழாசிரியர் (ஓய்வு)

பிரித்துப் படிக்கத் தெரியாதவர்களுக்காக நான் சொல்லாக்க முடியாது. என் மறுப்பு இந்தக் குழுவின் ஆவணத்தில் இருக்கட்டும். 'படு' குறித்து வேடசந்தூர்த் தம்பிக்குத் தனி மடல் அனுப்பியிருக்கிறேன்.