படுக்கையில் இருக்கும் அம்மாவைத் தனியாகப் பார்த்துக்கொள்பவருக்கு என்ன உதவி கிடைக்கும்?

காவிரிக்கரை, கும்பகோணம் அருகில்

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 74. பதினான்கு மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்ததில் வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. "சரி சரி" என்ற ஒரு சொல் மட்டும் வருகிறது. வலித்தாலும் அதுதான், பசித்தாலும் அதுதான், வேண்டாம் என்பதற்கும் அதுதான். குரலை வைத்தே நான் பொருள் கண்டுகொள்கிறேன். எனக்குத் திருமணம் ஆகவில்லை. அச்சகத்தில் பார்த்துவந்த வேலையை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தபடி மெய்ப்புத் திருத்திக் கொடுக்கிறேன். சென்னையில் இருக்கும் அண்ணன் மாதந்தோறும் பணம் அனுப்புகிறார், ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுகிறார்.

என்னை வாட்டுவது குளியல்தான். நான் துணி மாற்ற வரும்போதெல்லாம் அம்மா இடது கையால் புடவையை இறுகப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார். பெற்ற மகனிடமும் விடாத கூச்சம் அது. அதை மீறித்தான் ஒவ்வொரு நாளும் குளிப்பாட்ட வேண்டியிருக்கிறது. இரவிலும் மூன்று நான்கு முறை எழுகிறேன். சென்ற வாரம் கஞ்சிக் கிண்ணத்தைத் தட்டிவிட்டார் என்று கத்திவிட்டேன். அதற்கும் "சரி சரி" என்றார். அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

நோயாளிக்கென்று திட்டங்கள் இருப்பதாகக் கேள்விப்படுகிறேன். பார்த்துக்கொள்பவனுக்கு என்று ஏதேனும் இருக்கிறதா? எங்கே போய்க் கேட்க வேண்டும்?

ஓய்வுபெற்ற செவிலியர், மதுரை

தம்பி, முதலில் உங்கள் ஊருக்குரிய ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று, "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் அம்மாவின் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட இத்திட்டத்தை, சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து தருவது என்ற அளவில்தான் பலர் அறிந்திருக்கிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டிலேயே இயன்முறைச் சிகிச்சை அளிப்பதும், வலியையும் வேதனையையும் தணிக்கும் ஆதரவுச் சிகிச்சைச் செவிலியர் வந்து பார்ப்பதும் அதே திட்டத்தில் அடங்கும். பக்கவாதம் என்பதையும், அம்மாவால் எழுந்து வர இயலாது என்பதையும் சொல்லிப் பதிவுசெய்யுங்கள்.

அவர்கள் வரும் நாளில் நீங்கள் அருகிலேயே நின்று, அம்மாவை எப்படிப் புரட்டுவது, எப்படித் தூக்கி உட்கார வைப்பது என்பதைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். பிறகு அவர்கள் எதிரிலேயே நீங்களும் ஒருமுறை செய்துபாருங்கள். பணியில் இருந்த காலத்தில் நான் பார்த்தவரை, நோயாளியைக் கவனிப்பவர்கள் படுத்துவிடுவது பெரும்பாலும் இடுப்புவலியால்தான். விழுந்த கையைப் பிடித்து ஒருபோதும் இழுக்காதீர்கள், தோள்மூட்டு நழுவிவிடும். நாற்காலியை அம்மாவின் நல்ல பக்கமான இடப்பக்கம் போட்டு, முழங்காலை மடக்கி நின்று, அவருடைய உடலை உங்கள் உடலோடு அணைத்தபடி திருப்புங்கள். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்கச் சொல்வோம். குதிகால் மெத்தையில் அழுந்தாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வையுங்கள். காற்று மெத்தை வாங்க முடிந்தால் வாங்குங்கள், ஆனால் அது இருக்கிறதென்று திருப்பிப் படுக்கவைப்பதை நிறுத்திவிட வேண்டாம்.

குளியலுக்கு ஒரு பெண்ணை அமர்த்துங்கள். நாள் முழுவதும் வேண்டாம், காலையில் ஒரு மணி நேரம் போதும். ஆதரவுச் செவிலியர் வரும் நாளிலேயே அந்தப் பெண்ணையும் வரவழைத்து, இருவருமாக முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். அம்மாவின் கூச்சத்தைப் பிடிவாதம் என்று எண்ணாமல் எழுதியிருக்கிறீர்கள், அதைப் படித்து எனக்கு மனம் நெகிழ்ந்தது.

கத்திவிட்டதற்காக உங்களை நீங்களே தண்டித்துக்கொள்ள வேண்டாம். 14416 என்பது டெலி மானஸ் மனநல உதவி எண். எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம். அது நோயாளிகளுக்கு மட்டுமானது அன்று, உங்களைப் போன்றவர்களுக்கும் உரியதே.

மருமகள், திருச்சி

என் மாமனாரை நான்கு ஆண்டுகள் பார்த்துக்கொண்டவள் என்ற முறையில் ஒன்று மட்டும் சொல்கிறேன், சகோதரரே. "எனக்குக் கஷ்டமாக இருக்கிறது" என்று உங்கள் அண்ணனிடம் சொன்னால் அவர் அடுத்த மாதம் கூடுதலாகப் பணம் அனுப்புவார். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. நாளையும் வேலையையும் குறித்துக் கேளுங்கள்: "இந்தத் தேதியிலிருந்து பத்து நாள் நீ வந்து தங்கு, நான் வெளியே இருப்பேன்." நான் ஒரு நோட்டில், காலை ஐந்து மணி முதல் மறுநாள் ஐந்து மணி வரை செய்வதையெல்லாம் மூன்று நாள்களுக்கு எழுதிவைத்து, நாத்தனாரிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. அதன்பின் மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு அவர் பொறுப்பு என்றாயிற்று. அவர் செய்யும் முறை என் முறையாக இருக்காது. மருந்து வேளை தவறாதவரை நான் குறை சொல்லாமல் இருக்கப் பழகிக்கொண்டேன். அதுதான் எனக்குக் கடினமாக இருந்தது.

ஈரோட்டுக்காரர்

உங்கள் கேள்விக்கு நேரடியாக வருகிறேன். மாற்றுத்திறனாளி சான்றிதழும், மாற்றுத்திறனாளிகளுக்கென்றே தரப்படும் தனித்துவ அடையாள அட்டையும் (UDID) இல்லாமல் எதுவும் நகராது. முதியவர்களுக்கு வந்த பக்கவாதத்தை யாரும் மாற்றுத்திறன் என்று கருதுவதில்லை. முதுமை என்று விட்டுவிடுகிறார்கள், என் தந்தை விஷயத்தில் நாங்களும் இரண்டு ஆண்டுகளை அப்படித்தான் இழந்தோம். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட்டு, அரசு மருத்துவமனையில் எந்த நாளில் மதிப்பீடு நடக்கிறது, படுக்கையில் இருப்பவரை எப்படி அழைத்துவருவது என்று முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். பாதிப்பு 75 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால், தமிழ்நாட்டில் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு ஆட்சியர் அலுவலக வளாகத்திலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், உயர் ஆதரவு தேவைப்படுவோருக்கு, அதாவது அன்றாட வேலைகளுக்கே பிறர் உதவி மிகுதியாக வேண்டியவர்களுக்கு, பராமரிப்பாளர் படி (பார்த்துக்கொள்பவருக்கான உதவித்தொகை) என்பதையே தனியாகக் குறிப்பிடுகிறது. கேரளத்தில் ஆசுவாசகிரணம் என்ற திட்டத்தின்கீழ், படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்பவருக்கென்றே மாதம் 600 ரூபாய் என்று வைத்திருக்கிறார்கள். தொகை சிறிதுதான், ஆனால் வேலையை விட்டு வந்தவரை அரசு ஒரு ஆளாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. எனவே மனுக் கொடுக்கும்போது அம்மாவுக்கான தொகையோடு நிறுத்தாமல், உதவியாளருக்கு என்ன உண்டு என்றும் எழுத்துமூலம் கேளுங்கள்.

காவிரிக்கரை

மூவருக்கும் நன்றி. இடையில் ஐந்து வாரங்கள் ஓடிவிட்டன. சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவுசெய்துகொண்டார்கள்; இயன்முறை மருத்துவர் இரண்டு முறை வந்துபோனார். சான்றிதழுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். அண்ணனுக்கு நோட்டின் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பினேன்; அடுத்த மாதம் ஒரு வாரம் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

எங்கள் தெருவிலேயே இருக்கும் ஓர் அக்கா காலை ஏழு மணிக்கு வருகிறார். முதல் மூன்று நாளும் அம்மா புடவையை விடவில்லை. நான்காம் நாள் நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தமும், நடுவே நீட்டி, மெதுவாக ஒரு "சரி சரி"யும் கேட்டன. அந்தக் குரலில் அதை நான் அதுவரை கேட்டதில்லை.