மலமிளக்கி மருந்து: மனதை விட்டு அகலாத அனுபவம் இருந்தால் பகிருங்கள்

தென்றல்:
அப்பாவுக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து, வலிக்கு ஓபியாய்டு (மலச்சிக்கலை உண்டாக்கும் மார்ஃபின் வகை) மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது. கூடவே மலம் இளக லாக்டுலோஸ் சிரப். பல நாளாக மோஷன் போகவே இல்லை, அப்புறம் திடீரென்று தண்ணியாகக் கசிய ஆரம்பித்தது. படுக்கை விரிப்பெல்லாம் கறை. "பேதி பிடுங்குகிறது, இன்னும் சிரப்பா?" என்று உறவினர் ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். டாக்டர் வந்து இடது அடிவயிற்றை அழுத்தினார். என் கையையும் பிடித்து அங்கே வைத்தார். கல் மாதிரி இருந்தது. "இது பேதி இல்லம்மா. உள்ளே இறுகி அடைத்திருக்கிறது, அதைச் சுற்றிக்கொண்டு தண்ணி மட்டும் வழிகிறது" என்றார். எனிமா கொடுத்து, பெக் பவுடர் (பாலிஎதிலீன் கிளைகால் என்கிற இன்னொரு மலமிளக்கி) அளவைக் கூட்டித்தான் சரிசெய்தார்கள். பேதியை நிறுத்தும் மாத்திரையை அந்த உறவினர் அதற்குள் பிரித்துக் கையில் வைத்திருந்தார். அதை நினைத்தால் இன்னும் பகீர் என்கிறது.

நீலவானம்:
எனக்கு லாக்டுலோஸ் ஒத்துக்கொள்ளவே இல்லை. வயிறு உப்பி, நாலு பேர் நடுவில் உட்கார முடியாத அளவுக்கு வாயு. லாக்டுலோஸ் ஒரு வகைச் சர்க்கரை, குடலில் இருக்கும் பாக்டீரியா அதைப் புளிக்க வைப்பதால் வருவதாம். பெக் பவுடருக்கு மாற்றியதும் நின்றது. லாக்டுலோஸை ஏன்தான் இன்னும் எழுதிக் கொடுக்கிறார்களோ.

பழைய நோட்டு:
நீலவானம், உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்காக மருந்தையே குறை சொல்லாதீர்கள். என் அண்ணனுக்குக் கல்லீரல் சுருக்கம். ஒரு நாள் காலையில் என் பெயர் அவருக்கு வரவில்லை. கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு படபடவென்று மடங்கி மடங்கி விழுந்தது. அம்மோனியா மூளையைக் குழப்புகிறது என்றார்கள். தினமும் 2, 3 தடவை இளக்கமாகப் போகிற அளவுக்கு லாக்டுலோஸ் கொடுத்த பிறகுதான் தெளிந்தார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். லாக்டுலோஸும் பெக் பவுடரும் குடலுக்குள் தண்ணீரை இழுத்து வைத்து மலத்தை இளக்குகிற மருந்துகள். அதற்கு நேரம் ஆகும். லாக்டுலோஸுக்கு ஒன்று, இரண்டு நாள். பெக் பவுடருக்கு 3 நாள்கூட ஆகலாம். ராத்திரி குடித்துவிட்டு, காலையில் போகவில்லையே என்று இன்னொரு மூடி ஊற்றிக்கொள்ளாதீர்கள். பெரியவர்களுக்குப் பெக் பவுடர் வழக்கமாக 17 கிராம், ஒரு டம்ளர் தண்ணீரில் முழுசாகக் கரைய வேண்டும். நாள் முழுக்கத் தண்ணீரும் குடிக்க வேண்டும். இதய நோய்க்கோ கிட்னிக்கோ தண்ணீர் அளவு சொல்லியிருந்தால் மட்டும் டாக்டரைக் கேளுங்கள். புதிதாக இரும்புச்சத்து மாத்திரை ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள், மலச்சிக்கலே அதனால் இருக்கலாம். வாந்தி, வயிறு உப்பிக் கடும் வலி, காற்றுகூடப் பிரியவில்லை என்றால் மருந்தைத் தொடவே கூடாது, நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குடல் அடைப்பாக இருக்கலாம். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, இதற்கெல்லாம் சிரப்பை மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டிருக்கக் கூடாது.

இரவுப்பணி:
நான் சொல்ல வந்தது மில்க் ஆஃப் மெக்னீசியா என்கிற, மெக்னீசியம் உள்ள மலமிளக்கி பற்றி. அம்மாவுக்குக் கிட்னி ஏற்கெனவே பலவீனம். பார்த்துக்கொள்ள வந்தவர், கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கிற மருந்துதானே என்று தினமும் கொடுத்திருக்கிறார். நான் போனபோது அம்மா கூப்பிட்டால் "ம்" என்பார், கண் திறக்காது. அவசரப் பிரிவில் சுத்தியலால் முழங்காலில் தட்டினார்கள். கால் அசையவே இல்லை. திரும்பத் தட்டினார்கள், அப்போதும் இல்லை. ரத்தத்தில் மெக்னீசியம் ஏறிக்கிடந்தது, டயாலிசிஸ் செய்து இறக்கினார்கள். கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) கூடியவர்கள் பாட்டிலில் மெக்னீசியம் என்று இருந்தாலே டாக்டரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். பாஸ்பேட் கலந்த மலமிளக்கிகளும் கிட்னிக்கு ஆபத்துதான்.

ஓரத்து நாற்காலி:
பெக் பவுடரைப் பற்றி யாரும் சொல்லாதது ஒன்று. பக்கவாதத்துக்குப் பிறகு பாட்டிக்குத் தண்ணீர் புரையேறும், அதனால் ஸ்டார்ச் பவுடர் போட்டுக் கெட்டியாக்கித்தான் கொடுப்போம். அதிலேயே பெக் பவுடரைக் கலந்தபோது, ஸ்பூனில் நின்றது சட்டென்று நீர்த்து வழிந்தது. வாய்க்குக் கொண்டுபோவதற்குள் அத்தை பார்த்துவிட்டார். பெக் பவுடர் ஸ்டார்ச்சின் கெட்டித்தன்மையைக் கெடுத்துவிடுமாம், நுரையீரலுக்குள் போக வழி. டாக்டரிடம் சொன்னதும் மலமிளக்கியையே மாற்றிக் கொடுத்தார். விழுங்கச் சிரமப்படுகிறவர் வீட்டில் இருந்தால் இரண்டையும் கலக்காதீர்கள்.