ஆர்டர் பாதிதான் பதிவாகிறது, மைஎஸ்க்யூஎல் எரர் 1213-ம் 1205-ம் வருகின்றன: எங்கே தேடுவது?

ஸ்டாக்_சந்தேகம்:
வணக்கம். மைஎஸ்க்யூஎல் 8 டேட்டாபேஸ், ஸ்டோரேஜ் எஞ்சின் இன்னோடிபி. ஐசோலேஷனை (ஒரே நேரத்தில் ஓடும் டிரான்சாக்ஷன்களை எவ்வளவு பிரித்து வைப்பது என்ற அமைப்பை) மாற்றவில்லை, ரிப்பீட்டபிள் ரீட்தான். ஆர்டர் வந்ததும் ஒரு டிரான்சாக்ஷன் தொடங்கி ஹெட்டரை (ஆர்டரின் தலைப்புப் பதிவை) இன்செர்ட் செய்கிறோம். அப்புறம் ஒரு லூப்: கார்ட்டில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஸ்டாக்கைக் குறைத்து ஆர்டர் லைனைச் சேர்க்கும். கடைசியில் பணம் பிடிக்கும் சேவையை அழைத்துவிட்டு கமிட்.

கூட்டம் இல்லாத நேரத்தில் ஒரு தொந்தரவும் இல்லை. கூட்டம் ஏறினால் 1213 (டெட்லாக்: இருவர் ஒருவர் பூட்டுக்கு மற்றவர் காத்திருந்து முடங்குவது), 1205 (லாக் வெயிட் டைம்அவுட்: பூட்டுக்குக் காத்திருந்து நேரம் தீர்வது) இரண்டும் வருகின்றன. அதைவிட மோசம், சில ஆர்டர்களில் நடுவில் ஒரு பொருளைக் காணோம். வேறு சிலவற்றில் லைன் மட்டும் கிடக்கிறது, ஹெட்டரே இல்லை. ஒரே டிரான்சாக்ஷன் என்றால் எல்லாம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எதுவுமே இருக்கக் கூடாது அல்லவா?

சும்மா_ஒருவன்:
ஐசோலேஷனை ரீட் கமிட்டட் ஆக்கிப் பாருங்கள், கேப் லாக் (ரோக்களுக்கு இடையிலான இடைவெளியைப் பூட்டுவது) தொல்லை போய்விடும். டைம்அவுட்டையும் 50 நொடியிலிருந்து 120-க்கு ஏற்றிவிடுங்கள்.

மெதுகுவெரி:
இரண்டையும் இப்போது தொட வேண்டாம். முதலில் ஒரு கேள்வி. அந்த லூப்புக்கு உள்ளே ட்ரை-கேட்ச் (எரரைப் பிடிக்கும் கோட்) இருக்கிறதா? எரர் வந்தால் கேட்ச் என்ன செய்கிறது?

ஸ்டாக்_சந்தேகம்:
இருக்கிறது. எழுதியவர் இப்போது குழுவில் இல்லை. எரரைப் பதிவு செய்துவிட்டு அடுத்த பொருளுக்குப் போகிறது. 1213, 1205 இரண்டுக்கும் ஒரே கேட்ச்தான்.

மெதுகுவெரி:
அங்கேதான் விஷயம். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் அந்த இரண்டு எரரும் விட்டுப்போகும் நிலை நேர் எதிர்.

இரண்டாவது பொருளில் 1213 வந்தால் இன்னோடிபி அந்த டிரான்சாக்ஷன் முழுவதையும் ரோல்பேக் செய்துவிடும், அதாவது செய்ததையெல்லாம் திரும்ப எடுத்துவிடும். ஹெட்டர், முதல் பொருள் எல்லாம் போச்சு. உங்கள் லூப்புக்கு அது தெரியாது, மூன்றாவது பொருளுக்குப் போகும். அதற்குப் பிறகு வரும் ஸ்டேட்மென்ட்கள் மட்டும் கடைசியில் பதிவாகும். ஹெட்டர் இல்லாத லைன் இப்படித்தான் வந்தது. (ஹெட்டர் இல்லாத லைனை மறுக்கும் ஃபாரின் கீ போட்டிருந்தால் அது உள்ளேயே நுழைந்திருக்காது. ஆனால் ஸ்டாக் அப்போதும் குறைந்திருக்கும்.)

1205-இல் இயல்பு நிலைப்படி தோற்ற ஸ்டேட்மென்ட் மட்டும்தான் ரோல்பேக். டிரான்சாக்ஷன் திறந்தே இருக்கும், முந்தையவை அப்படியே நிற்கும். லூப் மேலே போய் கடைசியில் கமிட் செய்ததும், நடுவில் ஒரு பொருள் மட்டும் இல்லாத ஆர்டர் கிடைக்கும்.

ஆக, எந்தப் பாதி காணவில்லை என்று பார்த்தாலே எந்த எரர் விழுங்கப்பட்டது என்று சொல்லிவிடலாம். இன்னோடிபி சொன்னபடிதான் நடந்திருக்கிறது.

சும்மா_ஒருவன்:
இன்னோடிபி ரோல்பேக் ஆன் டைம்அவுட் என்று ஒரு அமைப்பு உண்டே? அதை ஆன் செய்தால் 1205-க்கும் முழு ரோல்பேக்தான்.

மெதுகுவெரி:
உண்டு, சர்வரை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். ஆனால் லூப் அப்படியே இருந்தால் 1205-ம் ஹெட்டர் இல்லாத லைனைத்தான் தரும், அவ்வளவே. கேட்சை லூப்புக்கு வெளியே கொண்டுவாருங்கள். எது வந்தாலும் வெளிப்படையாக ரோல்பேக், சற்று இடைவெளி விட்டு, முதல் ஸ்டேட்மென்ட்டிலிருந்து மறுபடி. அந்த இடைவெளி ஒவ்வொரு தடவையும் மாறட்டும். இல்லாவிட்டால் மோதிய இருவரும் ஒன்றாகவே திரும்பி வந்து மோதுவார்கள். மறுமுயற்சிக்கு ஓர் உச்சவரம்பும் வையுங்கள்.

இனி டெட்லாக்கின் காரணம். ஷோ எஞ்சின் இன்னோடிபி ஸ்டேட்டஸில் கடைசி டெட்லாக் பகுதியைப் பார்த்துச் சொல்லுங்கள்.

ஸ்டாக்_சந்தேகம்:
இரண்டு டிரான்சாக்ஷனும் ஸ்டாக் டேபிளின் பிரைமரி இண்டெக்ஸில். ஒன்று 17-ஐப் பிடித்துக்கொண்டு 42-க்குக் காத்திருக்கிறது, மற்றது 42-ஐப் பிடித்துக்கொண்டு 17-க்கு. இரண்டிலும் 'லாக் மோட் எக்ஸ் லாக்ஸ் ரெக் பட் நாட் கேப்' என்று இருக்கிறது.

மெதுகுவெரி:
'பட் நாட் கேப்' என்றாலே கேப் லாக் இதில் இல்லை, ரோ லாக் மட்டும்தான். ரீட் கமிட்டட் ஆக்கினாலும் இதே டெட்லாக் வரும். ஒருவர் 17, 42 என்று கார்ட்டில் போட்டார், இன்னொருவர் 42, 17 என்று போட்டார். லூப்புக்கு முன் பொருள் எண்படி கார்ட்டை ஏறுவரிசையில் அடுக்குங்கள். ஸ்டாக்கைத் தொடும் மற்ற புரோகிராம் கோட்களும், உதாரணமாக ஆர்டர் ரத்து, இதே வரிசையில்தான் போக வேண்டும். ஒரு பாதை மட்டும் தலைகீழாகப் போனாலும் போதும், திரும்ப வந்துவிடும்.

அந்தத் திரை கடைசி ஒன்றைத்தான் காட்டும். எல்லாவற்றையும் எரர் பதிவில் பிடிக்க 'இன்னோடிபி பிரிண்ட் ஆல் டெட்லாக்ஸ்' ஆன் செய்யுங்கள். அதற்கு ரீஸ்டார்ட் வேண்டாம்.

பைனரி_பையன்:
1205-க்கு நான் சொல்கிறேன். காத்திருப்பு நடக்கும்போதே சிஸ் ஸ்கீமாவில் 'இன்னோடிபி லாக் வெயிட்ஸ்' வியூவைப் பாருங்கள். தடுப்பவரின் குவெரி நல் (காலி) என்று வருகிறதா?

ஸ்டாக்_சந்தேகம்:
ஆமாம், நல். பிராசஸ் லிஸ்டில் அந்தக் கனெக்ஷன் ஸ்லீப் என்று இருக்கிறது. குவெரியே ஓடாமல் எப்படி லாக் பிடித்திருக்கிறது?

பைனரி_பையன்:
குவெரி முடிந்துவிட்டது, டிரான்சாக்ஷன் முடியவில்லை. கமிட்டுக்கு முன்னால் பணச் சேவையை அழைக்கிறீர்களே, அது பதில் தரும்வரை அத்தனை ரோவும் பூட்டித்தான் கிடக்கும். டைம்அவுட்டை ஏற்றினால் பின்னால் நிற்பவர்கள் இன்னும் நீளமாகக் காத்திருப்பார்கள், கனெக்ஷன் பூலும் தீர்ந்துவிடும். ஸ்டாக்கைக் குறைத்து ஆர்டரை 'நிலுவை' என்று பதிந்து கமிட் செய்யுங்கள். அப்புறம் பணம். நிலையை மாற்ற இன்னொரு சின்ன டிரான்சாக்ஷன். பணம் வராவிட்டால் ஸ்டாக்கைத் திருப்பிச் சேர்க்கும் கோட் வேண்டும், கூடுதல் வேலைதான், தப்பிக்க முடியாது.

ஸ்டாக்_சந்தேகம்:
கேட்சை வெளியே எடுத்து, கார்ட்டை அடுக்கி, பணத்தைப் பிரித்தாயிற்று. 1205 நின்றுவிட்டது. 1213 ஒன்றிரண்டு வந்தது, பார்த்தால் ரத்து கோட் கடைசிப் பொருளிலிருந்து போகிறது. அதையும் திருப்பினோம். ஏற்கெனவே உடைந்த ஆர்டர்களை எப்படிப் பொறுக்குவது?

மெதுகுவெரி:
ஹெட்டர் இல்லாதவற்றுக்கு லைன் டேபிளிலிருந்து ஹெட்டருக்கு லெஃப்ட் ஜாயின், ஹெட்டர் நல் ஆக வருபவை. பொருள் விட்டுப்போனவற்றுக்கு, ஹெட்டரில் உள்ள மொத்தத் தொகையையும் லைன்களின் கூட்டுத் தொகையையும் ஒப்பிடுங்கள். சாதாரண செலக்ட் ரோ லாக் எடுக்காது, சர்வர் தாங்கும் என்றால் பகலிலேயே ஓட்டலாம். ஆனால் முடிவை 'இன்செர்ட் செலக்ட்' வைத்து வேறு டேபிளில் போடாதீர்கள். ரிப்பீட்டபிள் ரீடில் அது படிக்கிற ரோக்களையும் பூட்டும். கோப்பாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.