கேட் ஐ ஜெல் பாலிஷ்: காந்தக் கோடு ஏன் கலைந்துபோகிறது?

மல்லிகைப்பந்தல்:
கறுப்பு ஜெல் (லேம்ப் வெளிச்சத்துல இறுகுற நகப்பூச்சு) மேல வெள்ளித் துகள் உள்ள கேட் ஐ, அதாவது காந்தத்தால ஒளிக்கோடு வர வைக்கிற பூச்சு. காந்தம் காட்டினதும் கோடு கூர்மையா விழுது. ஆனா அஞ்சு விரலும் முடிச்சு லேம்புக்குள்ள வைக்கிறதுக்குள்ள முதல் ரெண்டு நகத்துல கோடு பரவி, வெறும் மினுமினுப்பாயிடுது. 48 வாட் எல்இடி லேம்ப், பாட்டிலோட வந்த சின்னக் காந்தம். நகம் முழுக்க ஒளி பரவுற வெல்வெட் தோற்றம் வர எப்படிப் பிடிக்கணும்? நகம் குட்டை. கல்யாணத்துக்கு மருதாணியோட சேர்த்துப் போடணும்.

தாழம்பூ:
அஞ்சு விரலையும் ஒண்ணா முடிக்கிறதுதான் கோளாறு. காந்தம் இழுக்கிற நுண்துகள்தான் அந்தக் கோடு. ஜெல் ஈரமா இருக்கிற வரை துகள் மிதந்துகிட்டேதான் இருக்கும், காந்தம் விலகினதுமே கலைய ஆரம்பிக்கும். ஜெல் எவ்வளவு தண்ணியா இருக்கோ அவ்வளவு சீக்கிரம் கலையும். அதனால ஒரு நகம் பூசு, காந்தம் காட்டு, உடனே லேம்புல 10 விநாடி வை. அப்புறம் அடுத்த நகம். அஞ்சும் முடிஞ்ச பிறகு மொத்தமா 60 விநாடி.

காந்தம் நகத்துக்கு மேல 2, 3 மி.மீ. உயரத்துல 10 முதல் 15 விநாடி ஆடாம நிக்கணும். எடுக்கும்போது நேரா மேலே தூக்குங்க. பக்கவாட்டுல இழுத்தா கோடும் கூடவே இழுபடும். ஜெல்லுல தொட்டுட்டா சரிக்கட்டப் பார்க்காதீங்க, துடைச்சுட்டு மறுபடி பூசுறதுதான் வழி.

முதல் பூச்சு மெலிசா, காந்தம் இல்லாமலே காய வைங்க. ரெண்டாவது பூச்சுலதான் கோடு போடணும், அது கொஞ்சம் தடிமனா இருந்தா துகள் நகர இடம் கிடைக்கும். ரொம்பத் தடிச்சா வேற தொல்லை. துகளும் நிறமியும் வெளிச்சத்தை மறைக்கிறதால பூச்சோட மேல்பரப்பு மட்டும் இறுகி, அடியில ஈரம் நின்னு சுருங்கிடும். கறுப்புப் பூச்சுக்கும் இதே விதிதான்.

பாட்டில்ல துகள் அடியில தங்கும். உள்ளங்கை ரெண்டுக்கும் நடுவுல வச்சு ஒரு நிமிஷம் உருட்டுங்க. குலுக்கினா குமிழி வரும்.

செவ்வந்தி:
வைடூரியத்துக்குள்ள ஒரு ஒளிக்கீற்று ஓடுமே, அந்தக் கல்லைப் பார்த்து வந்த பேர்தான் கேட் ஐ. கல்லுல இழை இழையா ஒரே திசையில படுத்திருக்கிற நுண்பொருள்கள் ஒளியைத் திருப்புது. இங்க அந்த வேலையைத் துகள் செய்யுது. அது எந்தத் திசையில படுக்குதோ அதுதான் தோற்றம். காந்தம் மேல இருந்தா கோடு. விரலோட ரெண்டு பக்கமும் இருந்தா துகள் நகத்துக்குக் குறுக்கே படுத்து ஒளி பரவும், அதுதான் வெல்வெட்.

அதுக்குப் பாட்டிலோட வந்த காந்தம் போதாது. பட்டை வடிவ நியோடிமியம் காந்தம் (ரொம்ப வலுவான வகை) ரெண்டு வாங்குங்க. ஒண்ணையொண்ணு ஈர்க்கிற முகங்கள் எதிரெதிரா இருக்கணும், நடுவுல விரல். 10 விநாடி பிடிச்சு, ரெண்டையும் ஒரே நேரத்துல விலக்கி, உடனே லேம்ப். கவனமா பிடிங்க, ரெண்டும் சட்டுனு ஒட்டிக்கிட்டா தோல் நசுங்கும்.

குட்டை நகத்துக்குக் கோடு போடுறதா இருந்தா அடியிலிருந்து நுனி வரை நீளவாக்குல போடுங்க, விரல் நீண்டு தெரியும். குறுக்குக் கோடு நகத்தை இன்னும் குட்டையாக்கிடும். மாநிறக் கைக்கு வெள்ளியைவிடச் செம்பு, ஒயின் சிவப்பு, பாட்டில் பச்சை எடுப்பா இருக்கும்னு நான் உறுதியா சொல்வேன். பட்டுச்சேலைச் சரிகையோடவும் ஒத்துப்போகும்.

நந்தியாவட்டை:
மருதாணி முதல்ல, ஜெல் பிறகு. ஜெல் மேல மருதாணி பட்டா வெளிர் நிறத்துல கறை ஏறலாம். ஆனா மருதாணிக்குத் தடவுற தைல எண்ணெய் நகத்துல மிச்சமிருந்தா ஜெல் ஒட்டாம ஓரம் உரியும். நகத்தை லேசா பஃப் பண்ணி (மேல்பரப்பை மெல்லத் தேய்ச்சு), ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல துடைச்ச பிறகுதான் பேஸ் கோட், அதாவது அடிப்பூச்சு.

காயாத ஜெல் தோல்ல படவே கூடாது. பட்டுக்கிட்டே இருந்தா ஜெல்லுல இருக்கிற அக்ரிலேட்ங்கிற வேதிப்பொருளால ஒவ்வாமை வரலாம், வந்தா லேசுல போகாது. ஓரத்துல வழிஞ்சதை லேம்புக்கு முன்னாடியே குச்சியால எடுத்துடுங்க. கழட்டும்போது டாப் கோட்டை (மேல்பூச்சை) அரத்தால தேய்ச்சுட்டு, அசிட்டோன் பஞ்சு வச்சு 10 முதல் 15 நிமிஷம் சுத்தி வைங்க. பிய்ச்சா நகத்தோட மேலடுக்கும் சேர்ந்து வரும்.

எம்ஆர்ஐ எடுக்கிறதா இருந்தா முன்னாடியே இதைக் கழட்டிடணும், உள்ளே இருக்கிறது காந்தத் துகள்.

மல்லிகைப்பந்தல்:
நன்றி. லேம்ப் தேவைப்படாத சாதா காந்தப் பாலிஷுக்கும் இதே முறையா?

தாழம்பூ:
ஒவ்வொரு நகமா செய்யணும்கிறது மட்டும் ரெண்டுக்கும் பொது. சாதா பாலிஷ் காத்து பட்டதுமே மேல ஆடை கட்டும், அதுக்கப்புறம் துகள் நகராது. அதனால பூசின கையோடயே காந்தம். கோடு ஓரளவு உறையுற வரை 20 விநாடியாவது பிடிங்க. பாலிஷ் நல்லா காஞ்ச பிறகு டாப் கோட் போடுங்க, பிரஷ் நகத்தை அழுத்தாம.