நாகர்கோவிலில் இருந்து பவளப்பாறை பார்க்க: எங்கே முங்கலாம், எங்கே கூடாரம் அடிக்கலாம்?

தெங்கம்புதூரான்:
மாசிக் கடைசியில் நாலு பேர், ஒரு கார், மூணு ராத்திரி. கடலோரம் கூடாரத்தில் தங்கி, ஸ்நார்க்கல் (மூச்சுக்குழாய்), மாஸ்க் (முங்குற கண்ணாடி) மாட்டிப் பவளப்பாறை பார்க்கணும். எல்லாருக்கும் நீச்சல் தெரியும், ஆனா குளத்து நீச்சல்தான். முட்டம், சின்னமுட்டம் பக்கமே பாறை நிறையக் கிடக்கே, அங்க முங்கினாப் போதாதா? மணலில் கூடார ஆணி நிற்குமா? ஒருத்தருக்குக் கண்ணாடி பவர் மைனஸ் மூணு, அவருக்கு என்ன வழி?

கச்சான்காற்று:
முட்டத்தில் முங்காதீங்க தம்பி. அங்கே இருப்பது கருங்கல் பாறை, பவளம் கட்டின திட்டு இல்லை. அலை பாறையில் மோதித் திரும்புற இடத்தில் தண்ணி கலங்கியே கிடக்கும், அடுத்த அலை ஆளைத் தூக்கிக் கல்லில் சாத்தும். குளத்து நீச்சல் அங்கே உதவாது.

பவளம் பார்க்க மன்னார் வளைகுடா, இல்லேன்னா பாக் நீரிணைப் பக்கம் போகணும். கன்னியாகுமரி, உவரி, திருச்செந்தூர், தூத்துக்குடி, சாயல்குடி, கீழக்கரை, பாம்பன் வழியா ராமேஸ்வரம் சுமார் 300 கி.மீ. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவில் 21 தீவுகள் உண்டு. 1986-லேயே கடல் தேசியப் பூங்கா ஆக்கிட்டாங்க, வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே கால் வைக்கக் கூடாது. அதனால் ராமேஸ்வரம் தீவில் அனுமதியோடு கூட்டிப்போற ஆளைப் பிடிங்க. லைஃப் ஜாக்கெட் தராத படகில் ஏறாதீங்க.

காலம் நல்லாத்தான் தேர்ந்திருக்கீங்க. வாடைக் காலத்தில் பாக் நீரிணை கொந்தளிக்கும், தென்மேற்குக் காற்று வீசுற கச்சான் காலத்தில் மன்னார் வளைகுடா கொந்தளிக்கும். மாசி, பங்குனியில் ரெண்டு பக்கமும் ஓரளவு அடங்கி இருக்கும். காலை ஆறரைக்கு இறங்கி ஒன்பதரைக்குள் ஏறிடுங்க. அப்புறம் கடல்காற்று எழும்பித் தண்ணியைக் கலக்கிடும்.

ஒண்ணு மறக்காதீங்க: கள்ளக்கடல். தெற்கே ரொம்ப தூரத்தில் எழும்பின அலை இங்கே காற்றே இல்லாத நாளில் கரையேறும். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தது அப்படியொரு எச்சரிக்கை இருந்த நாளில்தான். கிளம்புற அன்று காலையும் இன்காய்ஸ் (மத்திய அரசின் கடல் தகவல் மையம்) எச்சரிக்கையைப் பார்த்துட்டுப் போங்க.

சொத்தவிளைக் காற்று:
கூடாரத்துக்கு வாறேன். இனயம், குறும்பனைப் பக்கம் கரை முழுக்கக் கல்சுவர், இடமே கிடையாது. மணல் உள்ள ஊர்களில் வள்ளம் ஏத்துற இடத்தையும் வலை காயப்போடுற இடத்தையும் விட்டுடணும், விடியுமுன்னே வேலை தொடங்கிடும். ஊர்க் கமிட்டியிலோ பங்குக் கோயிலிலோ கேட்காமல் கூடாரம் அடிக்காதீங்க. தனியார் தோப்பு கிடைச்சா இன்னும் நல்லது, ஆனா தென்னைக்கு நேர் கீழே படுக்காதீங்க. தேங்காய் மட்டுமில்ல, காய்ந்த மட்டை விழுந்தாலும் கூடாரம் கிழியும், தலை உடையும்.

சாதாரண ஆணி மணலில் நிற்காது. உரச்சாக்கில் பாதி மணல் கட்டி, கயிற்றை நடுவில் சுற்றி, ஒன்றரை அடி ஆழத்தில் புதைச்சு மிதிச்சு விடுங்க. வாசல் காற்றுக்கு முதுகு காட்டணும். அடுப்பைக் கூடாரத்துக்குள் பற்ற வைக்கவே கூடாது, கார்பன் மோனாக்சைடு ஆளைத் தூங்க வச்சே கொல்லும்.

ஜனவரியில் இருந்து ஏப்ரல் வரை பங்குனி ஆமை முட்டையிடக் கரையேறும். அது வெளிச்சத்தைக் கண்டு திரும்பிடும், குஞ்சும் வெளிச்சத்தைப் பார்த்துத் திசை மாறிப் போகும். ராத்திரி விளக்கை அணைச்சிடுங்க. தனுஷ்கோடியில் ராத்திரி தங்க விட மாட்டாங்க, அதைத் திட்டத்தில் வைக்காதீங்க.

கார் மணலில் புதைஞ்சா ஆக்சிலேட்டரை மிதிக்காதீங்க, சக்கரம் இன்னும் தோண்டும். டயர் காற்றை 18-20 பிஎஸ்ஐ வரை இறக்கி, முன்னால் மணலைத் தள்ளி, இரண்டாம் கியரில் மெதுவா எடுங்க. தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி காற்று ஏத்தணும். தண்ணி ஆளுக்கு நாளைக்கு 5 லிட்டர், கழுவ 20 லிட்டர் கேன் தனியா.

முங்குகுளி:
மாஸ்க் வாங்குறப்போ பட்டையை மாட்டாம முகத்தில் வைச்சு மூக்கால் உள்ளிழுங்க. கையை எடுத்தாலும் ஒட்டி நின்றால் அது உங்க முகத்துக்குப் பொருந்தும். சிலிக்கான் விளிம்புக்குக் கீழே மீசை மாட்டினால் அந்த வழியா தண்ணி கசியும். மீசையின் மேல் ஓரத்தை மட்டும் சிரைச்சால் போதும். பட்டையை இறுக்கினால் கசிவு கூடத்தான் செய்யும்.

புது மாஸ்க் கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளைப் பற்பசை தேய்ச்சுக் கழுவுங்க, தயாரிப்பில் ஒட்டின படலம் போகும். அது போகாமல் நீராவி படியுறது நிற்காது. இறங்குறதுக்கு முன்னால் ஒரு துளி பேபி ஷாம்பு தடவி, லேசா அலசுங்க. முகம் முழுக்க மூடுற மாஸ்க் வேண்டாம், விட்ட மூச்சு அதிலேயே தங்கிடும்.

மைனஸ் மூணுக்கு பவர் போட்ட மாஸ்க் கிடைக்கும். தண்ணிக்குள் பொருள் கொஞ்சம் பெரிசாத் தெரியுறதால் மைனஸ் இரண்டரையே பெரும்பாலும் போதும். கான்டாக்ட் லென்ஸோடு இறங்காதீங்க.

முதல்ல இடுப்பளவுத் தண்ணியில் அரைமணி நேரம் முகத்தைக் கவிழ்த்து மூச்சுப் பழகுங்க. குழாயில் தண்ணி ஏறினால் பலமா ஒரே ஊதா ஊதி வெளியேத்துங்க. பவளத்து மேல் நிற்காதீங்க. காலில் மாட்டுற துடுப்பு ஒரு தடவை பட்டால் கிளை ஒடியும், பல வருஷத்து வளர்ச்சி போகும். 1998, 2010, 2016-இல் கடல் வெப்பத்தால் பவளம் வெளுத்து நிறையச் செத்துச்சு, தப்பினதுதான் மன்னார் வளைகுடாவில் மிச்சம். ஒடிஞ்ச துண்டைக்கூட வீட்டுக்கு எடுக்கக் கூடாது, பவளம் வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கு. சன்ஸ்கிரீனுக்குப் பதிலா முழுக்கை ரேஷ்கார்டு (உடம்பை ஒட்டின நீச்சல் சட்டை) போடுங்க, சொறி மீன் பட்டாலும் பாதுகாப்பு.

தெங்கம்புதூரான்:
உரச்சாக்கு எட்டு, பவர் மாஸ்க் ஒண்ணு குறிச்சுக்கிட்டேன். முட்டத்தைக் கரையில் நின்னே பார்த்துக்கிறோம். நன்றி மக்கா.