மறுநாளும் வந்து பார்க்கும் நர்சம்மா

பேத்தி:

எங்கள் அம்மாச்சி போன மாதம் தவறிவிட்டார். தேனி மாவட்டம் கடமலைக்குண்டு பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருந்தவர். 1980களில் வேலைக்குச் சேர்ந்து, ஓய்வு பெறும் வரை அந்தச் சுற்றுவட்டாரத்தை விட்டு நகரவில்லை. பெயரைச் சொன்னால் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது, நர்சம்மா என்றால்தான் தெரியும்.

புதன்கிழமை தடுப்பூசி நாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்துப் பெட்டியை வாங்கிக்கொண்டு, ஐஸ் உருகுவதற்குள் ஊர்களை முடிக்க வேண்டும். முத்தடுப்பு ஊசி போட்டால் அன்று ராத்திரி குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கும், தொடை வீங்கும். எவ்வளவுதான் முன்கூட்டிச் சொன்னாலும் பெற்றவள் பயந்துவிடுவாள். அடுத்த ஊசிக்கு நர்சம்மா வருவது தெரிந்தாலே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவாள். அதனால் அம்மாச்சி வியாழக்கிழமையும் அதே தெருவுக்குப் போவார். லீவு நாட்களில் நாங்களும் கூடவே போவோம். "ஊசி போடுறது பாதி வேலைதாண்டி. மறுநாள் போய் அந்தப் புள்ளையத் தூக்கிப் பார்க்கிறதுதான் மீதி" என்பார்.

வீட்டிலும் அப்படித்தான். எங்களில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் ராத்திரி எழுந்து எழுந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். காய்ச்சல் விட்ட பிறகும் இரண்டு நாள் விடமாட்டார். நான் பெரியவளானபோது உளுந்தங்களி கிண்டிக் கொடுத்தது அவர்தான். அன்றே ரத்தச்சோகை என்றால் என்ன என்று பாடமும் நடத்திவிட்டார்!

அவரைத் தெரிந்தவர்கள் உங்கள் நினைவுகளையும் எழுதுங்கள்.

வருசநாட்டுக்காரர்:

என் தம்பிக்கு ஒன்றரை வயதில் பயங்கர வயிற்றுப்போக்கு. தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்க விடவில்லை. கண் குழிவிழுந்து, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தான். நர்சம்மா வந்தார், யாரையும் திட்டவில்லை. கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டரில் தலை தட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு போட்டுக் கலக்கி, முதலில் எங்கள் ஆத்தாவின் வாயில் ஒரு கரண்டி ஊற்றினார். "கண்ணீரைவிட உப்புக் கரிச்சா கொடுக்கக்கூடாது, ருசி பார்த்துக்க" என்றார். அப்புறம் திண்ணையில் உட்கார்ந்து கரண்டி கரண்டியாகப் புகட்டினார். வாந்தி எடுத்தால் கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடியும்.

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் வந்து இறங்கியவர் கேட்ட முதல் கேள்வி, "ராத்திரி ஒண்ணுக்குப் போனானா?" போனான் என்றதும்தான் உட்கார்ந்து காபி குடித்தார். தம்பி இப்போது திருப்பூரில் இருக்கிறான். சேதி கேட்டு போனிலேயே அழுதுவிட்டான்.

செவிலியர் ஒருவர்:

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நர்சம்மாவிடம்தான் தொழில் கற்றேன். கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துவிட்டு நான் பதிவேட்டில் டிக் அடிப்பேன். அவரோ மாத்திரை அட்டையை வாங்கி எத்தனை மீதி இருக்கிறது என்று எண்ணுவார். மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்து நிறுத்தியிருப்பார்கள், இல்லையென்றால் டீயோடு விழுங்குவார்கள். டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. இதையெல்லாம் அடுப்படியில் உட்கார்ந்து, மாமியாருக்கும் சேர்த்துத்தான் சொல்வார். போலியோ சொட்டு மருந்து நாளில் செங்கல் சூளைப் பிள்ளைகளை யாரும் விட்டுவிடக்கூடாது என்று தானே நடந்து போவார். போலியோ ஒழிந்த நாடு என்று 2014இல் நமக்குச் சான்று கிடைத்ததே, அதில் இப்படிப்பட்டவர்களின் கால்வலி நிறைய இருக்கிறது. இப்போது பிக்மியில், அதாவது கர்ப்பிணிகள், குழந்தைகள் விவரங்களைப் பதியும் அரசு இணையதளத்தில், பதிவு ஏற்றவே நேரம் ஓடிவிடுகிறது. ஆனாலும் ஊசி போட்ட வீட்டுக்கு நான் மறுநாள் போகாமல் இருந்ததில்லை.

பேத்தி:

படித்துவிட்டு அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். அம்மாச்சி தன் கைப்பட எழுதிய பிரசவ நோட்டுகள் எங்களிடம் இருக்கின்றன. தேதி, நேரம், எடை எல்லாம் எழுதியிருக்கிறார். நம் பக்கம் பலருக்குப் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்டதுதான் பிறந்த தேதி. உண்மையான தேதி தெரிய வேண்டுமென்றால் உங்கள் அம்மா பெயரையும் ஊரையும் எனக்குத் தனியாக அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.